பஞ்சு பறக்கும் ஊரில் கணிப்பொறியின் சூடு



கணிப்பொறியின் செயலிக்கு மேல் பொருத்துகின்ற பெரிய குளிர்விப்பானைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். கடைத்தெருவில் அதற்குக் 'கூலர்' என்று பெயர். செயலியுடன் கொடுக்கப்படும் சிறிய கூலரைக் கழற்றி வைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு செங்கல் அளவுள்ள மற்றொன்றைத் தனியே விலை கொடுத்து வாங்கிப் பொருத்துகிறார்கள். திருப்பூரில் நான் பழகும் இளைஞர்களிடையே இந்த ஆர்வம் மிகுதி. கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் என்பதால், "எது ஐயா மிகச் சிறந்த கூலர்?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. எது மிகச் சிறந்த செருப்பு என்று கேட்டால் என்ன விடை கூறுவது? யாருடைய காலுக்கு, எந்த வழியில் நடப்பதற்கு என்று தெரிந்தால் அல்லவா கூற முடியும்? கூலரின் செய்தியும் அத்தகையதே. குளிர வைக்க வேண்டிய செயலி எது, அது இருக்கும் அறை எது என்ற இரண்டும் தெரியாமல் விடை சொல்ல இயலாது. அதிலும் திருப்பூர் அறை மற்ற ஊர் அறைகளைப் போன்றதன்று.

முதலில், குளிர்விப்பான் என்ற பெயரே சிறிது மயக்கம் தருவது. அது குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற பொறி எதுவும் அதனுள் கிடையாது. ஓரிடத்தில் குவிகின்ற வெப்பத்தைச் சுமந்து சென்று அறைக் காற்றில் கொட்டிவிடுகிறது. அதன் வேலை அவ்வளவே. ஆகவே, அறைக் காற்றைவிடச் செயலியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எவ்வளவு விலையுயர்ந்த காற்றுக் கூலராலும் ஆகாத காரியம். அறை 38 டிகிரி செல்சியஸ் இருந்தால், கூலரின் கணக்கு 38இலிருந்துதான் தொடங்கும்.

செயலி உட்கொள்ளும் மின்சாரம் எங்கே போகிறது? அது கணக்குப் போடுகிறது, படம் வரைகிறது. ஆனால் உட்கொண்ட மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 150 வாட் மின்சாரம் குடிக்கும் செயலி 150 வாட் அடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். "150 வாட் என்ன பெரிய சூடு? துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியே 1000 வாட் ஆயிற்றே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளது. ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வெப்பம். செயலியின் உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லின் பரப்போ சுமார் 2 சதுர சென்டிமீட்டர் மாத்திரமே. அதில் 150 வாட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட் ஆகிறது. பனியன் துணியின் சுருக்கத்தை நிமிர்த்தும் பெட்டியைவிடப் பதினைந்து மடங்கு நெருக்கமான வெப்பம்! சூட்டின் மொத்த அளவைவிட, அது ஒரு நகக்கண் அளவு இடத்தில் நெருங்கிக் கிடப்பதே இங்கே தொல்லை.

இந்தத் தொல்லை கணிப்பொறியுடன் கூடவே பிறந்தது. 1946இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகம் செய்யப்பட்ட எனியாக் என்ற கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரம் உண்டது. அதன் சூட்டை வெளியேற்றப் பெரிய ஊதிகள் தேவைப்பட்டன. பிறகு டிரான்சிஸ்டர்களும், அவற்றுக்குப்பின் சிலிக்கன் சில்லுகளும் வந்தன. சிறிது காலம் இந்தத் தொல்லை மறைந்து போயிற்று என்றே சொல்லலாம். தொடக்ககால மேசைக் கணிப்பொறிகளின் செயலிகளுக்குத் தனி விசிறி கிடையாது. 1993இல் பென்டியம் செயலி வந்தபோது அதன் தலைமேல் உலோகத் தகடும் விசிறியும் ஏறி உட்கார்ந்துகொண்டன. பின்னர் இறங்கவே இல்லை.

இனி, பெரிய கூலரின் அமைப்பைக் காண்போம். அடியில் செயலியைத் தொடும் செம்புத் தட்டு. அதிலிருந்து மேலே எழும் நான்கு அல்லது ஆறு செம்புக் குழாய்கள். அந்தக் குழாய்கள் ஊடுருவிச் செல்லும் மெல்லிய அலுமினியத் தகடுகளின் அடுக்கு. அடுக்கின் பக்கத்தில் ஒரு விசிறி அல்லது இரண்டு விசிறிகள். பார்ப்பதற்குச் சிறு கோபுரம் போல் இருக்கும். தகடுகளின் அடுக்கு ஒன்றாக இருந்தால் ஒற்றைக் கோபுரம் என்றும், இரண்டாக இருந்தால் இரட்டைக் கோபுரம் என்றும் சொல்வார்கள்.

அந்தச் செம்புக் குழாய்களைக் கெட்டியான கம்பிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சாயப்பட்டறையைப் பார்த்திருப்பவர்களுக்கு அவற்றின் தத்துவம் எளிதில் விளங்கும். கொதிகலனில் தண்ணீர் நீராவியாகிறது. நீராவி குழாய் வழியே சென்று சாயமேற்றும் இயந்திரத்தை அடைந்து, அங்கே தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்புகிறது. கொதிகலனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே வெப்பத்தைச் சுமந்து செல்லும் வண்டி நீராவிதான். இதே ஏற்பாட்டை ஒரு மெல்லிய செம்புக் குழாய்க்குள் அடைத்துவிட்டால் அதுவே வெப்பக் குழாய். குழாயில் உள்ள காற்றை எடுத்துவிட்டுச் சிறிதளவு தண்ணீரை விட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் மிகக் குறைவாதலால், தண்ணீர் 100 டிகிரிக்கு மிகவும் முன்னதாகவே ஆவியாகிவிடும். அடிமுனையில் ஆவியாகி, தகடுகள் இருக்கும் மேல்முனையில் குளிர்ந்து நீராகிறது. நீர் திரும்பி வருவதற்குப் பம்பு எதுவும் இல்லை. குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டிய நுண்துளைப் படலம் ஒன்று உண்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அது நீரை இழுத்துக்கொண்டு வருகிறது. வியர்வையை உறிஞ்சிப் பரப்பும் விளையாட்டு பனியன் செய்யும் வேலையும் இதுவேதான்.

இதில் என்ன ஆதாயம்? ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமைக் கொதிநிலையில் ஆவியாக்கவோ சுமார் 2260 ஜூல் வேண்டும். ஆவியாகும் நீர் அவ்வளவு வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த காக்லர் என்பவர் 1942இலேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கோரியிருந்தார். அது கிடப்பில் கிடந்தது. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி இதனைச் செய்து காட்டி, வெப்பக் குழாய் என்ற பெயரையும் வழங்கினார். விண்வெளிக் கலங்களுக்காக ஆராயப்பட்ட பொருள் இன்று உங்கள் மேசையடியில் இருக்கிறது.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. எந்தக் கூலருக்கும் ஒரு வெப்பத் தடை உண்டு. ஒரு வாட் வெப்பத்தைக் கடத்துவதற்குச் செயலி அறைக் காற்றைவிட எத்தனை டிகிரி உயர வேண்டியிருக்கிறது என்பதே அந்த அளவு. எடுத்துக்காட்டுக்காக வாட்டுக்கு 0.3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 150 வாட் செயலி 45 டிகிரி உயரும். அறை 25 டிகிரியாக உள்ள குளிர் நாட்டில், கணிப்பொறிப் பெட்டிக்குள் இருக்கும் காற்று 5 டிகிரி கூடுதலாக 30 என்று கொண்டால், செயலி 75 டிகிரியில் நிற்கும். கவலை இல்லை. அதே கூலரைச் சித்திரை மாதப் பிற்பகலில், சிமெண்ட் அட்டைக் கூரையின் கீழ் 38 டிகிரியில் இருக்கும் அறைக்குக் கொண்டு வாருங்கள். பெட்டிக்குள் காற்று 43, செயலி 88. இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு உச்ச எல்லை 100 டிகிரி. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. எல்லையை அடைந்தால் செயலி எரிந்து போவதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னை அணைத்துக்கொள்ளும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ குளிர்ந்த அறையில் சோதித்து எழுதிய புகழுரைகளைப் படிக்கும்போது, அங்குள்ள வெப்பநிலையுடன் நம்முடைய 13 டிகிரியைக் கூட்டிக்கொள்ள மறவாதீர்கள்.

வெப்பம் ஒரு பாதி. மறு பாதி பஞ்சு.

பருத்தி நூலிலிருந்து பின்னும்போதும், வெட்டும்போதும், தைக்கும்போதும் குறு இழைகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வட்டப் பின்னல் இயந்திரத்தின் மேல் விசிறி ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, ஊசிகளின் மேலும் நூல் செல்லும் வழியிலும் பஞ்சு தங்காதபடி ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூற்பாலைகளில் கதிர்ச் சட்டங்களின் தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே ஊதியும் உறிஞ்சியும் பஞ்சை அகற்றும் பொறிகள் உண்டு. இயந்திரத்துக்குப் பஞ்சு பகை என்பது நெசவுத் தொழிலாளருக்குத் தெரிந்த பாலபாடம். அதே கூடத்தின் மூலையில் வைத்திருக்கும் கணிப்பொறிக்கு மாத்திரம் அந்தப் பாடத்தை நாம் ஏன் மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வியப்பு.

சாதாரணத் தூசிக்கும் பஞ்சுக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. மண் தூசி சிறு சிறு துகள். கூலரின் தகடுகளுக்கு நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். துகள்களில் பெரும்பகுதி அதன் வழியே புகுந்து வெளியேறிவிடும். பஞ்சு அப்படியன்று. பின்னலாடை நூலுக்கான பருத்தி இழை 28, 29 மில்லிமீட்டர் நீளம் இருப்பது வழக்கம். உதிர்வது அதன் முறிந்த துண்டே ஆயினும், நான்கைந்து மில்லிமீட்டர் நீளமிருந்தால் போதும். ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் குறுக்கே பாலமாக விழுந்துவிடும். அந்தப் பாலத்தில் அடுத்த இழை சிக்கும், அதில் இன்னொன்று. சில வாரங்களில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போல ஒரு படலம் உருவாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி சுற்றுகிறது, ஓசையும் கேட்கிறது. ஆனால் காற்று உள்ளே போவதில்லை.

சென்ற ஆண்டு கோடையில் எனக்குத் தெரிந்த ஒரு சிறு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். கட்டிங் மாஸ்டராக இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தத் தொழில் தொடங்கியவர் அதன் உரிமையாளர். கல்லூரியில் படிக்கும் அவர் மகள், துணியில் அச்சிடும் சித்திரங்களையும், ஆடை உடம்பில் எப்படி விழும் என்று காட்டும் முப்பரிமாணப் படங்களையும் கணிப்பொறியில் தயாரித்துத் தந்தையின் தொழிலுக்கு உதவி வந்தாள். வெட்டும் கூடத்தை ஒட்டினாற்போல் ஒரு சிறிய அறை. அதில் இரண்டு கணிப்பொறிகள். இரண்டும் பிற்பகல்தோறும் வேகம் குறைந்து, நடு வேலையில் அணைந்து போயின.

"ஏனுங்க, வாங்கி ஒரு வருசங்கூட ஆகலீங்க. பொசுக்குன்னு நின்னு போகுதுங்க. மாதிரிப் படம் போய்ச் சேராட்டி ஆர்டரே போயிருமுங்க" என்றார் தந்தை. அது வெறும் புலம்பலன்று. மாதிரி ஒப்புதல் தாமதமானால் தையல் தாமதமாகும். தையல் தாமதமானால் கப்பலைத் தவற விட்டுச் சொந்தச் செலவில் விமானத்தில் சரக்கை அனுப்ப நேரிடும். சிறு முதலாளி ஒருவருக்கு ஒரு பருவத்து இலாபம் அதிலேயே கரைந்துவிடும். மகள் தன் கைபேசியில் ஒரு கூலரின் படத்தைக் காட்டினாள். ஆறு வெப்பக் குழாய்கள், இரண்டு விசிறிகள் கொண்ட இரட்டைக் கோபுரம். "ஐயா, இது ரெண்டு வாங்கிப் போட்டுட்டாச் சரியாயிருங்களா?" அவளுடைய அடுத்த பருவக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து எடுப்பதாகப் பேச்சு.

வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்ப்போம் என்றேன். முதல் பெட்டியில் கூலரின் விசிறியைக் கழற்றியதும், அதன் அடியில் வட்டமாகப் படிந்திருந்த பஞ்சுப் படலம் அப்பளம் போல முழுசாக வந்தது. தூரிகையால் துடைத்து, பழைய வெப்பப் பசையை நீக்கிப் புதுப்பசை இட்டு மூடினோம். அந்தக் கணிப்பொறியின் வேலை துணியில் வெட்டு வடிவங்களை நெருக்கி அடுக்கும் மார்க்கர் போடுவதும் கணக்கு எழுதுவதும்தான். அதற்குப் பிறகு மாலை வரை ஓட்டியும் அது 70 டிகிரியைத் தாண்டவில்லை. அதற்குப் புதிய கூலர் எதுவும் வேண்டியதில்லை என்று முடிவாயிற்று.

இரண்டாவது கணிப்பொறியின் கதை வேறு. சுத்தம் செய்த பிறகும், முப்பரிமாணப் படம் தயாரிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் அது 100ஐத் தொட்டு வேகம் குறைந்தது. காரணம் அதன் செயலி. பெட்டியின் மேல் 65 வாட் என்று அச்சிட்டிருக்கும் செயலிகள் பல, முழு மூச்சில் உழைக்கும்போது அதைவிட மிகுதியாகக் குடிப்பவை. இன்டெல் கோர் ஐ5-13400 செயலிக்கு அடிப்படை அளவு 65 வாட். உச்ச அளவு 148 வாட். ஐ9-14900கே செயலிக்கு 125 என்றும் 253 என்றும் இரண்டு அளவுகள். ரைசன் 5 7600க்கு 65 என்று சொன்னாலும் 88 வாட் வரை போகும். நாள் முழுவதும் கடிதம் எழுதுபவருக்கு முதல் எண் போதும். இரவு முழுவதும் படம் தயாரிப்பவர் இரண்டாம் எண்ணைப் பார்த்தே கூலர் வாங்க வேண்டும். இந்த இரண்டாவது கணிப்பொறிக்குப் பெரிய கூலர் உண்மையிலேயே தேவை என்று ஒப்புக்கொண்டேன்.

ஆயினும், அவள் காட்டிய இரட்டைக் கோபுரம் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. அளவுகோலை வைத்துப் பார்த்தோம். தாய்ப்பலகையில் உள்ள செயலியின் மேற்பரப்பிலிருந்து பெட்டியின் பக்கக் கதவு வரை 160 மில்லிமீட்டர். அவள் விரும்பிய கூலர் 165 மில்லிமீட்டர் உயரம். ஐந்து மில்லிமீட்டரில் பணம் வீணாகியிருக்கும். கதவைத் திறந்தே வைத்திருக்க நேர்ந்திருக்கும். பஞ்சுக் கூடத்துக்கு அருகே கதவு திறந்த கணிப்பொறி என்றால் முடிவைச் சொல்ல வேண்டுமா? பெயர்பெற்ற கூலர்களின் உயரங்கள் இந்த அளவில்தான் நெருங்கி நிற்கின்றன. 2014இல் வெளிவந்த நாக்டுவா என்எச்-டி15 கூலருக்கு உயரம் 165 மில்லிமீட்டர்; விசிறிகளுடன் எடை 1.3 கிலோகிராமுக்குச் சற்று மேல். டீப்கூல் ஏகே620க்கு 160. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இக்கு 155. இவை மூன்றும் ஆறு வெப்பக் குழாய் கொண்ட இரட்டைக் கோபுரங்களே. ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் குறிப்பேட்டைப் பாருங்கள். அதிலே கூலருக்கு எத்தனை உயரம் இடமுண்டு என்று குறித்திருப்பார்கள். முன்விசிறி நினைவகப் பலகைகளின் மேல் இடிக்குமா என்பதையும், கூலருடன் வரும் கொக்கிகள் உங்கள் செயலியின் இருக்கைக்குப் பொருந்துமா என்பதையும் கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எல்ஜிஏ1700, ஏஎம்5 என்று ஒவ்வோர் இருக்கைக்கும் தனிக் கொக்கி உண்டு.

நாங்கள் இறுதியில் தேர்ந்தெடுத்தது 155 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கோபுரம். நான்கு வெப்பக் குழாய்கள், ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி. இரட்டைக் கோபுரத்தைவிட அதன் ஆற்றல் சிறிது குறைவுதான். ஆனால் பஞ்சு நிறைந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: கை எட்டுகிறதா என்பது. இரட்டைக் கோபுரத்தில் ஒரு விசிறி இரு அடுக்குகளுக்கும் நடுவே புதைந்திருக்கிறது. அதன் பின்னால் சேரும் பஞ்சை எடுக்க அதை மேலே உருவி எடுக்க வேண்டும். பலர் அந்தச் சிரமத்தை மேற்கொள்வதில்லை. ஒற்றைக் கோபுரத்தில் விசிறி முன்புறமே இருக்கிறது. கம்பிக் கவ்விகள் இரண்டைத் தளர்த்தினால் விசிறி கையோடு வந்துவிடும். படலம் கண்ணுக்கு நேரே தெரியும். தகடுகள் மிக நெருக்கமாக உள்ள கூலரைவிடச் சற்று இடைவெளி விட்டு அமைந்ததையே நம் ஊருக்கு நான் விரும்புகிறேன். விசிறி 120 அல்லது 140 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் இருந்தால், அது தேய்ந்து போகும்போது வேறொன்றை எளிதில் வாங்கி மாட்டலாம். புதிய கூலருடன் அந்தக் கணிப்பொறி அதே பிற்பகல் வேலையில் 84 டிகிரியில் நின்றது. கட்டணப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியது.

200 வாட்டுக்கு மேல் இரவு பகலாக உண்ணும் செயலிக்கு ஒற்றைக் கோபுரம் போதாது. அங்கே இரட்டைக் கோபுரத்தை வாங்கி, சிரமம் பாராமல் நடுவிசிறியை உருவித் துடைக்க வேண்டியதுதான். நீரால் குளிர்விக்கும் அமைப்பு மேலானதல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அதிலும் நீர் கொண்டு செல்லும் வெப்பம் கடைசியில் தகடுகளின் வழியே இதே அறைக் காற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. அந்தத் தகடுகளிலும் இதே பஞ்சுதான் அடைக்கிறது. கூடுதலாக ஒரு பம்பு வேறு. அது நின்றால் பெரும்பாலும் முழு அமைப்பையுமே மாற்ற வேண்டும். காற்றுக் கூலரில் பழுதாகக் கூடியது விசிறி ஒன்றே. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

பணமே செலவழிக்காத வழி ஒன்றும் உண்டு. செயலி குடிக்கும் மின்சாரத்துக்கு ஓர் உச்சவரம்பைக் கணிப்பொறியின் தொடக்க அமைப்புப் பக்கத்தில் நாமே விதிக்கலாம். ஏஎம்டி செயலிகளில் இதற்கு ஈகோ மோடு என்று பெயர். கடைசிச் சிறிதளவு வேகத்துக்காகவே செயலி மிகுந்த மின்சாரத்தைச் செலவிடுகிறது. ஆகவே வரம்பை இறக்கினால் சூடு வெகுவாகத் தணியும், வேகம் அந்த அளவுக்குக் குறையாது. புதிய கூலருக்குப் பணம் சேரும்வரை மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

சூட்டின் காரணத்தை அறியவும் ஓர் எளிய வழி இருக்கிறது. வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, கடினமான வேலை ஒன்றைக் கொடுங்கள். ஓரிரு நொடிகளிலேயே எல்லைக்குத் தாவினால், செயலிக்கும் கூலருக்கும் உள்ள தொடர்பில் குறை இருக்கக்கூடும். பசை உலர்ந்திருக்கலாம், திருகாணி தளர்ந்திருக்கலாம். பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால், பஞ்சு அடைத்திருக்கலாம், அல்லது பெட்டிக்குள் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம். முதல் வகைக்குப் பெரிய கூலர் மருந்தாகாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. புதிய கூலரின் அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்த பிறகே பொருத்த வேண்டும். உரிக்காமலே பொருத்திவிட்டுக் கூலர் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். வெப்பப் பசை ஒரு பட்டாணி அளவு போதும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதற்கே அது. பூசணிக்காய்க்குச் சுண்ணாம்பு தடவுவது போல் தடவ வேண்டாம். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். காற்று பெட்டியின் முன்புறம் நுழைந்து பின்புறம் வெளியேறும் வகையில் விசிறியின் முகம் அமையட்டும்.

பஞ்சைத் தடுப்பதற்கென்று பெட்டியின் முன்னே பனியன் துணியை இழுத்துக் கட்டுகிறவர்களும் நம் ஊரில் உண்டு. துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் அல்லவா! ஆனால் பின்னல் துணியின் கண்கள் மிகச் சிறியவை. காற்றையும் சேர்த்தே தடுத்துவிடும். நைலான் வலைதான் தகுந்தது. அதையும் வாரம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். உள்ளே காற்றைத் தள்ளும் விசிறிகள் வெளியே தள்ளுவனவற்றைவிட மிகுந்திருந்தால், காற்று வலையின் வழியாகவே நுழையும்; இடுக்குகளின் வழியே பஞ்சை இழுக்காது.

கூலரைச் சுத்தம் செய்யும் நாளில் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். தையல் கூடத்தில் இருக்கும் கம்பிரசர் குழாயை எடுத்து வந்து ஊதுவது பலருக்கு வழக்கம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும். அதன் வேகமும் மிகுதி. மெல்லிய தூரிகையும் கையடக்கமான ஊதியும் போதும். ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தறிகெட்டுச் சுற்றினால் அதன் தாங்கி தேய்ந்து போகும். வெட்டும் கூடத்துக்கு அருகே உள்ள கணிப்பொறிக்கு மாதம் ஒருமுறையும், வீட்டில் உள்ளதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கூலர், நிமிர்ந்து நிற்கும் தாய்ப்பலகையிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. மேசையில் அசையாமல் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. ஆனால் நூல் மூட்டையை ஏற்றிச் செல்வது போலக் கணிப்பொறியையும் மொபெட்டின் முன்னே நிறுத்தி வைத்து ஓட்டிச் செல்லும் ஊர் இது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை தாய்ப்பலகையைப் பிடித்து இழுக்கும். வேறிடம் கொண்டு போக நேர்ந்தால் கூலரைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். கழற்ற இயலாவிட்டால், கூலர் மேல்நோக்கி நிற்கும்படி பெட்டியைப் படுக்க வைத்து, ஆட்டோவில் மடிமீது வைத்துக்கொண்டு போங்கள்.